கூட்டல் குறி

செப்டம்பர் 2, திங்கள்

அந்த மெஷின் வந்துவிட்டது. விசாரணைக் குழுவின் அரக்கு முத்திரை வைத்த அட்டைப்பெட்டி. நாச்சிமுத்து சார் தானே தூக்கி வந்து என் மேஜையில் வைத்தார். இந்தக் கம்பெனி முதலாளி பெட்டி தூக்கி இன்றுதான் பார்க்கிறேன்.

"இசக்கிம்மா, ஒரு வாரந்தான் குடுத்திருக்காங்க. இது நின்னுச்சா, நிக்கலையா, அத மட்டும் கண்டு சொல்லீருங்க. அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாங்க."

நாங்கள் செய்வது குறைமாதக் குழந்தைகளின் மூச்சைக் கவனிக்கிற மானிட்டர். மூச்சு நின்றால் மணி அடிக்க வேண்டும். அதற்காகத்தான் அது இருக்கிறது. மணி அடிக்கிற நிரல் நான் சேர்ந்த புதிதில் எழுதியது. அதைப் பார்த்துவிட்டுத்தான் சார், 'திருநெல்வேலிப் பிள்ளைக்கு மூளை இருக்குதுங்க' என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

போன மாதம் மலையடிவார ஊர் ஒன்றின் ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தை இறந்துபோயிற்று. பெயர்கூட வைக்கவில்லை. காகிதத்தில் 'தனத்தின் குழந்தை' என்றுதான் இருக்கிறது. மெஷினுக்குள் இருக்கும் பதிவு சொல்கிறது: மணி அடித்தது, பொத்தானை அழுத்தி நிறுத்தப்பட்டது. அப்போது டியூட்டியில் இருந்த சிஸ்டர் சகாயராணி சொல்கிறார்: மணி அடிக்கவே இல்லை. சிஸ்டர் சொல்வது நிஜமானால் எங்கள் மெஷின், குழந்தைக்கு மூச்சு நின்ற நாற்பது விநாடியும் நின்றுபோயிருக்கிறது. பதிவு நிஜமானால் சிஸ்டர் மணியை அமுக்கிவிட்டுத் தன் வேலையைப் பார்த்திருக்கிறார். இதில் ஒன்றுதான் உண்மை. எது என்று சொல்ல வேண்டியது நான்.

சொல்கிறேன். இதற்குத்தானே சம்பளம்.

வாஷிங்மெஷின் குழாய் மறுபடி கழன்றுவிட்டது. செல்லத்துரை சணல் வைத்துக் கட்டியிருக்கிறார். புருஷன் பொண்டாட்டி இரண்டு பேரும் எஞ்சினியர்கள் இருக்கிற வீட்டின் லட்சணம்.

செப்டம்பர் 3, செவ்வாய்

ரப்பர் நுரையீரலை மாட்டி மூச்சை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் மணி அலறியது. பக்கத்து அறை அக்கவுண்ட்ஸ்காரர்கள் வந்து சண்டை போட்டார்கள். ஆனால் எப்போதாவது ஒருமுறை நிற்கிற மெஷினைக் கண்ணால் பிடிக்க முடியாது. உள்ளே ஆளை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

அந்த ஆள் டிரேஸ் மாட்யூல். மெஷினுக்குள் எல்லாவற்றையும் மேய்க்கிற லினக்ஸ் கெர்னலுக்குள் இந்தச் சின்ன நிரலை ஏற்றிவிட்டால், எந்த நிரல் எவ்வளவு நேரம் காத்துக்கிடந்தது என்று விநாடிக்கு விநாடி எழுதிக்கொண்டிருக்கும். ஒரே நிபந்தனை. கெர்னலை எந்த சோர்ஸிலிருந்து, அதாவது எந்த மூல நிரலிலிருந்து, கட்டினார்களோ, மாட்யூலையும் அதே சோர்ஸை வைத்துக் கட்ட வேண்டும். வேறொன்றை வைத்துக் கட்டினால் கெர்னல் துப்பிவிடும்.

இன்று முழுக்கத் துப்பியது. நம் சர்வரில் இருக்கும் சோர்ஸும் மெஷினில் ஓடும் கெர்னலும் ஒன்றில்லை. மெஷினில் இருக்கிற வெர்ஷன் பெயரின் கடைசியில் ஒரு கூட்டல் குறி இருக்கிறது. அது இயல்பாக வருவதல்ல. கட்டுகிறவன் சோர்ஸில் ஏதோ மாற்றிவிட்டு, மாற்றியதைப் பதிந்துவைக்காமல் கட்டினால், கெர்னல் தானே அந்தக் குறியைப் போட்டுக்கொள்ளும். என்ன மாற்றினான் என்று அது சொல்லாது.

இந்த மூன்றாவது பேட்ச் மெஷின்களுக்குக் கெர்னல் கட்டியவன் தினகர், முன்பு இங்கே வேலை பார்த்தவன். அவன் கனடா போய் இரண்டு வருஷமாகிறது.

செப்டம்பர் 4, புதன்

தினகர் போனை எடுத்தான். பின்னால் குழந்தை அழுகிற சத்தம்.

"மூணாவது பேட்ச்சாக்கா? ஆமா, கடைசி நேரத்துல சில ஆப்ஷன் மாத்தினேன். டச் ஸ்கிரீன் தகராறு பண்ணிச்சு. எத எதன்னு இப்ப எப்படிக்கா சொல்றது?"

"சோர்ஸ் எங்கடா வச்ச?"

"என் டெஸ்க்டாப்லதான். ஜன்னலோரம் இருக்குமே."

ஜன்னலோரம் இப்போது அக்கவுண்ட்ஸ் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவன் போன மறுவாரமே அந்தக் கம்ப்யூட்டரைத் துடைத்து, பில் போடுகிற சாஃப்ட்வேர் ஏற்றிவிட்டார்கள். சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. சிரித்தேன்.

செப்டம்பர் 5, வியாழன்

ஏறவில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

ஏறிவிட்டது! அப்பாடா.

மண்டை காய்ந்துபோய்க் கடைசியில், நம் சோர்ஸின் வெர்ஷன் பெயரில் நானே அந்தக் கூட்டல் குறியைக் கையால் சேர்த்துக் கட்டினேன். உள்ளே போகிறவனிடம் வாட்ச்மேன் பெயர் மட்டும்தான் கேட்கிறான். பெயரைச் சொன்னேன், கதவைத் திறந்தான். இன்னும் நுணுக்கமாகச் சோதிக்கிற ஏற்பாடு ஒன்று கெர்னலில் உண்டு. அதை எங்கள் ஆட்கள் என்றைக்கோ அணைத்து வைத்திருக்கிறார்கள். நல்லதாகப் போயிற்று.

டிரேஸ் அழகாக ஓடுகிறது. வரிவரியாக, ஒழுங்காக. மணி நிரல் எந்த இடத்திலும் சில மில்லிவிநாடிக்கு மேல் காத்திருக்கவில்லை. திங்கள் வரை ஓடட்டும்.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை எல்லாம் வாய் பிளந்துவிட்டது. தாமரை அதற்கும் கண் மூக்கு வைத்து, "இது அழுற பிள்ளையார்மா" என்றாள். அவளும் எட்டாம் மாதத்தில் பிறந்தவள்தான். எங்கள் மெஷின் இல்லை, வேறு ஏதோ கம்பெனி மெஷின் தலைமாட்டில் இருந்தது. ஒவ்வொரு பீப்புக்கும் எனக்கு உயிர் போய் உயிர் வரும். அதன்பிறகுதான் நாச்சிமுத்து சாரிடம் வேலை கேட்டு வந்து நின்றேன்.

செப்டம்பர் 9, திங்கள்

மெஷின் நிற்கவில்லை. வெள்ளி முதல் இன்று வரை ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. மூன்று பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.

சார் நின்றுகொண்டே படித்தார். படித்துவிட்டு உட்கார்ந்தார். "நான் சோறு தின்னு நாலு நாளாச்சுங்க இசக்கிம்மா," என்றார். பிறகு கேண்டீனில் எல்லோருக்கும் போண்டா சொன்னார்.

செப்டம்பர் 12, வியாழன்

மலையடிவார ஊருக்குப் போய்வந்தோம். விசாரணை. ஆஸ்பத்திரியின் பெரிய அறையில் நீள மேஜை. விசாரணை டாக்டர், அவருக்கு இரண்டு பக்கமும் ஆட்கள், நாங்கள், எதிரே சிஸ்டர் சகாயராணி.

நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண். முப்பது இருக்கும். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். திரும்பத் திரும்ப ஒன்றையேதான் சொன்னார்.

"சத்தமே வரல சார். சத்தம் வந்தா நான் ஓடமாட்டேனா? பக்கத்துக் குழந்தையோட பெட்டிகிட்டதான் இருந்தேன், கை நீட்டுனா எட்டுற தூரம். குழந்தை நெறம் மாறுனத நானா திரும்பிப் பாத்துத்தான் ஓடுனேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் டிரேஸ் என்றால் என்ன என்று சொன்னேன். எல்லோருக்கும் புரிகிற மாதிரி சொன்னேன் என்று சார் அப்புறம் காரில் பாராட்டினார். நிற்கிற கோளாறு இந்த மெஷினுக்கு இருந்தால் இந்தக் காகிதத்தில் கட்டாயம் தெரியும் என்றேன்.

சிஸ்டர் என்னிடம் நேராகக் கேட்டார். "அப்ப நான் அமுக்குனேன்னு சொல்றீங்களா மேடம்?"

"நான் யாரையும் சொல்லல சிஸ்டர். மெஷின் சொல்லுது. ஆளுக மறப்பாங்க, அசதியில கை தானாப் போகும். மெஷின் பொய் சொல்லாது."

அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லோரும் அப்படித்தான் அடிக்கவில்லை, கேட்கவில்லை என்பார்கள்.

வரும் வழியில் சார் இளநீர் வாங்கிக் கொடுத்தார். பாதியில் வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

மத்தியானம் தாமரை தூங்கும்போது மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். விழித்துக்கொண்டு, "ஏம்மா மூக்குல கைய வைக்க?" என்றாள். கொசு என்றேன்.

சமையல் கேஸ் தீர்ந்துவிட்டது. மாற்று சிலிண்டரும் காலி என்று அப்போதுதான் தெரிந்தது.

செப்டம்பர் 23, திங்கள்

சிஸ்டர் சகாயராணி எழுதிக் கொடுத்துவிட்டாராம். 'மணியை நான்தான் நிறுத்தியிருக்கிறேன். என் கவனக்குறைவு.' போலீஸுக்குப் போகாமல், வேலையை விட்டு நீக்கி முடித்துக்கொண்டார்கள்.

சார் சத்தம் போடாமல்தான் சொன்னார். "சந்தோசப்படற விசயமில்லீங்க. ஆனா நம்ம தல தப்புச்சு."

ஆக, உண்மையை ஒத்துக்கொண்டார். நான் சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன். நல்லது.

செப்டம்பர் 28, சனி

வாஷிங்மெஷின்காரர் வந்து, சணல் கட்டின மகராசன் யாரு என்று கேட்டார். செல்லத்துரை மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

அக்டோபர் 3, வியாழன்



சாருக்குப் புது யோசனை. இந்த டிரேஸை ஆஸ்பத்திரிகளுக்குக் காட்டி வியாபாரம் பிடிக்கலாம் என்று. "மெஷின் நின்னா இது எப்படிப் புடிக்குதுன்னு ஒரு டெமோ பண்ணீருங்க." அதற்காக ஸ்டோரிலிருந்து அதே மூன்றாவது பேட்ச் மெஷின் ஒன்றை எடுத்து, அதே மாட்யூலை ஏற்றினேன். மணி நிரலை வேண்டுமென்றே நிறுத்திவைத்தேன். சுத்தமாக நிறுத்திவிட்டேன், அசையக்கூட முடியாது. இப்போது டிரேஸில் காத்திருக்கும் நேரம் ஏறிக்கொண்டே போக வேண்டும்.

டிரேஸ் சொன்னது: சில மில்லிவிநாடி. எல்லாம் சௌக்கியம்.

மறுபடி நிறுத்தினேன். சௌக்கியம். ரப்பர் நுரையீரலை நிறுத்தினேன். மணி அடிக்கவில்லை, எப்படி அடிக்கும், நான்தான் நிறுத்திவைத்திருக்கிறேனே. டிரேஸ் வரிவரியாக, ஒழுங்காக, மணி நிரல் நன்றாக ஓடுகிறது என்று எழுதிக்கொண்டே போனது.

அக்டோபர் 4, வெள்ளி

எழுதிப் பார்த்தால் தெளியும் என்று எழுதுகிறேன்.

எங்கள் தெரு கூரியர்காரர் கதவு எண் பார்க்க மாட்டார். முனையிலிருந்து எண்ணி, ஐந்தாவது வீடு இசக்கிதேவி என்று கொடுத்துவிடுவார். நடுவில் யாராவது புதிதாக ஒரு வீடு கட்டிவிட்டால் என் பார்சல் அதுவரை நாலாவதாக இருந்த வீட்டுக்குப் போகும். அவர் பாட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். அவருக்குச் சந்தேகமே வராது.

மாட்யூலும் அப்படித்தான். கெர்னலுக்குள் ஒவ்வொரு நிரலுக்கும் வரிசையாகத் தகவல்கள் இருக்கும். இத்தனையாவது இடத்தில் காத்திருந்த நேரம் இருக்கிறது என்று, கட்டும்போது எந்த சோர்ஸைப் பார்த்ததோ அதை வைத்து எண்ணிக்கொள்ளும். தினகர் மாற்றிய ஆப்ஷன்களால் நடுவில் ஏதோ ஒரு வீடு முளைத்திருக்கிறது. என் மாட்யூல் இத்தனை நாளும் பக்கத்து வீட்டு எண்ணைப் படித்துக்கொண்டிருந்தது. அதுவும் ஒரு எண்தானே. பார்க்க நியாயமாக இருந்தது. கெர்னல் மூன்று நாள், சோர்ஸ் வேறு, வேண்டாம் என்று துப்பியது. நான் ஒரு கூட்டல் குறியைப் போட்டு அதன் வாயை மூடினேன்.

அந்த டிரேஸுக்கு ஒரு அர்த்தமும் இல்லை. மெஷின் நின்றது என்றும் இல்லை, நிற்கவில்லை என்றும் இல்லை.

சாரிடம் போய்ச் சொன்னேன்.

"அப்ப மெஷின் நின்னுருக்குமா?"

"தெரியாது சார்."

"நிக்காமயும் இருந்திருக்கலாமில்லீங்க?"

"இருந்திருக்கலாம்."

"அப்ப தெரிஞ்சப்புறம் பேசலாங்க. அந்தம்மாளே எழுதிக் குடுத்திருக்குது." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அக்டோபர் 8, செவ்வாய்

தினகர் எந்தெந்த ஆப்ஷனை மாற்றியிருப்பான் என்று ஊகித்து ஊகித்துக் கட்டுகிறேன். ஒவ்வொன்றிலும் கூட்டல் குறி சேர்த்து ஏற்றுகிறேன். எல்லாம் ஏறுகிறது. அதுதான் கொடுமை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு எண்ணைச் சொல்கிறது, எல்லாமே பார்க்க நியாயமாக இருக்கிறது. ஆனால் மணி நிரலை நிறுத்திப் பார்த்தால் எதிலும் காத்திருக்கும் நேரம் ஏறவில்லை. மெஷின் நின்றதா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வேன்? எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இத்தனை வருஷம் படித்ததும் பார்த்ததும் வீண் என்று தோன்றுகிறது.

சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன். யாரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அதுதான் இன்னும் மோசம்.

அக்டோபர் 9, புதன்

ஊகம் தப்பான மாட்யூல் ஒன்று ஸ்டோர் மெஷினை மொத்தமாக விழவைத்தது. திரை கறுத்தது. கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டு அரைநாள் உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. இன்று எந்தக் கருவியையும் தொடக்கூடாது. கம்ப்யூட்டரையும்தான். எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்தோம்.

சாருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பேட்ச்சிலும் முதல் மெஷினை விற்க மாட்டார். அது சாமிக்கு. சரஸ்வதி படத்துக்குக் கீழே பலகையில் மூன்று மெஷின்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அதில் கரண்ட் ஏற்றக்கூடாது, திறக்கக்கூடாது. வருஷத்துக்கு ஒருமுறை இன்றைக்குத்தான் கீழே இறக்கித் துடைப்பார்கள். இத்தனை வருஷமாக நானும் பொட்டு வைத்துக் கும்பிட்டிருக்கிறேன்.

இன்று மூன்றாவது மெஷினைத் துடைக்கிற முறை எனக்கு வந்தது. போன வருஷப் பொட்டு காய்ந்து ஒட்டியிருந்தது. சுரண்டினேன். அடியில் தினகர் கையெழுத்தில் தேதி போட்ட சீட்டு. அப்போதுதான் உறைத்தது. முதல் மெஷின். தினகர் மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்ததெல்லாம் இதில்தான். விற்பனைக்குப் போகிற மெஷின்களில் இடம் மிச்சம் பிடிக்க சோர்ஸ் கோப்புகளையெல்லாம் அழித்துவிட்டு அனுப்புவோம். சாமிக்கு விட்டதில் யார் எதை அழித்தார்கள்?

கற்பூரம் காட்டும்போது சார் என்னைப் பார்த்தார். நான் அந்த மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இசக்கிம்மா, கும்புடுங்க," என்றார். கும்பிட்டேன். அது உள்ளே இருக்க வேண்டும் என்று கும்பிட்டேன்.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. தாமரையைப் பாட்டு வகுப்பில் சேர்க்கப் போக வேண்டியது. செல்லத்துரையை அனுப்பிவிட்டு ஆபீஸ் போனேன். கொள்ளுப் போட்டுப் பூட்டிய குதிரை மாதிரி மனசு ஓடுகிறது, கை ஓடவில்லை. பொட்டோடும் பூவோடும் அந்த மெஷினைத் தூக்கி மேஜையில் வைத்து சுவிட்சைப் போட்டேன்.

அத்தனையும் இருந்தது. சோர்ஸ், ஆப்ஷன்கள், வெர்ஷன் பெயர், கடைசியில் கூட்டல் குறி. எதையும் கையால் சேர்க்காமல் மாட்யூலைக் கட்டினேன். ஏறியது. மணி நிரலை நிறுத்திப் பார்த்தேன். காத்திருக்கும் நேரம் ஏறியது, ஏறிக்கொண்டே போனது. சந்தோஷமும் பயமும் ஒன்றாக வந்து அழுதுவிட்டேன்.

ஆஸ்பத்திரி மெஷினில் இருந்த மாதிரியே மெமரி கார்டைப் பழைய பதிவுகளால் நிரப்பி, ரப்பர் நுரையீரலை அவ்வப்போது மூச்சு நிறுத்துகிற மாதிரி வைத்து, ஓடவிட்டு வந்திருக்கிறேன்.

பாட்டு வகுப்பில் முதல் பாட்டுப் பாதியிலேயே தாமரை தூங்கிவிட்டாளாம்.

அக்டோபர் 14, திங்கள்

நின்றிருக்கிறது.

மெமரி கார்டு நிரம்பியதும் பழையதை அழித்து இடம் செய்கிறது. அது முடிகிற வரை எழுத வருகிற எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். மணி நிரல், மணி அடிப்பதற்கு முன் 'மணி அடிக்கிறது' என்று எழுதிவிட்டுத்தான் அடிக்கும். எழுதப் போய் வரிசையில் நின்றுவிட்டது. கிட்டத்தட்ட நாற்பது விநாடி. அந்த நேரம் முழுக்க ஒலிபெருக்கிக்கு ஒன்றுமே போகவில்லை. சத்தமே இல்லை. ஒரு பீப்கூட இல்லை.

பிறகு இடம் கிடைத்ததும் எழுதியது: மணி அடித்தது. அடிக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது என்று பார்த்து, மணி நின்றுவிட்டதாக எடுத்துக்கொண்டது. மணி நின்றால் ஏன் நின்றது என்றும் எழுத வேண்டும். அதற்கு நிரலில் இருந்த காரணம் ஒன்றே ஒன்றுதான். பொத்தான் அழுத்தப்பட்டது. வேறு எப்படியும் மணி நிற்கும் என்று எழுதியவருக்குத் தோன்றவே இல்லை. அதையே எழுதிவிட்டது.

அந்த வரி எந்தத் தேதியில் சேர்க்கப்பட்டது, யார் சேர்த்தது என்று நிரலின் வரலாற்றில் இருக்கும். திறந்து பார்த்தேன். நான் சேர்ந்த வருஷத்துத் தேதி. மூடிவிட்டேன்.

மாலை பால் வாங்க மறந்தேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

சார் முதலில் பூஜைப் பலகையைத்தான் பார்த்தார். மூன்றாவது இடம் காலி.

"ஏனுங்க இசக்கிம்மா, சாமி மெஷின்லயா கைய வெச்சீங்க?" அப்புறம் காகிதத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"புது சாஃப்ட்வேர்னு சொல்லி எல்லா மெஷின்லயும் இன்னிக்கே மாத்தச் சொல்லீருங்க. ஒண்ணு விடாம. நானே கூடப் போறேன். இன்னொரு கொழந்தைக்கு இப்படி ஆகக்கூடாது."

"அந்த சிஸ்டர் சார்?"

அவர் ஆஸ்பத்திரிகளின் பட்டியலை எடுத்துப் புரட்டினார். நான் மறுபடி கேட்டேன்.

"வெளிய தெரிஞ்சா நாளைக்கே ஷட்டர எறக்கோணும். இங்க எம்பது பேரு சோறு திங்கறாங்க. நீங்களும் ஒருத்தருங்க." பிறகு, "நீங்களா போய்ச் சொல்றதுன்னா நான் தடுக்கமாட்டேனுங்க. என்னைய வரச் சொல்லாதீங்க," என்றார்.

கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது வந்திருப்பேன்.

அக்டோபர் 17, வியாழன்

விசாரணை டாக்டரைப் போனில் பிடித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"நீங்க போன மாசம் ஒண்ணு சொன்னீங்க. இப்ப வேற சொல்றீங்க. அடுத்த மாசம் என்ன சொல்வீங்க?"

"இப்ப சொல்றது சரி டாக்டர்."

"அப்பவும் அப்படித்தாம்மா சொன்னீங்க. எழுதி அனுப்புங்க, ஃபைல்ல சேத்துக்கறேன். ஆனா ஃபைல் மூடியாச்சு. அவங்களே ஒத்துக்கிட்டாங்களே."

எழுதி அனுப்பினேன். அதை யாரும் திறக்கப்போவதில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

முதல் பஸ்ஸில் மலையடிவார ஊருக்குப் போனேன். செல்லத்துரையிடம் கம்பெனி வேலை என்று சொன்னேன்.

சிஸ்டர் வீடு மாதா கோயிலுக்குப் பின்னால். பூசைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் உள்ளே கூப்பிட்டு, மின்விசிறிக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு, காபி கொண்டுவந்து கொடுத்தார். இப்போது ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடிக்கிறாராம். நிற்கிற வேலைதான், பழக்கந்தானே என்றார்.

காகிதத்தை எடுத்துவைத்து முழுக்கச் சொன்னேன். கூட்டல் குறி, பக்கத்து வீட்டு எண், மெமரி கார்டு, நிரலில் அந்தக் காரணம் ஒன்றுதான் எழுதப்பட்டிருந்தது, எல்லாம்.

"மணி அடிக்கவே இல்ல சிஸ்டர். நீங்க எதையும் அமுக்கல. நீங்க மொதல்ல சொன்னதுதான் நெசம். நான் சொன்னதுதான் தப்பு. என்னைய மன்னிச்சிருங்க."

அவர் காகிதத்தைத் தொடவில்லை. "அப்ப எனக்குக் கேக்குதே மேடம்," என்றார்.

"என்ன கேக்குது?"

"மணி." வலது கை ஆள்காட்டி விரல் மடியில் எதையோ அழுத்தியது. அது அவருக்குத் தெரியவில்லை. "அன்னைக்கு நீங்க மெஷின் பொய் சொல்லாதுன்னு சொன்னீங்கல்ல. வீட்டுக்கு வந்து யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். மொதல்ல ஒண்ணும் வரல. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஞாபகம் வந்துச்சு. மணி அடிச்சுச்சு. நான் அடுத்த குழந்தைக்கு டியூப் மாத்திக்கிட்டிருந்தேன். திரும்பாமயே கைய நீட்டி அமுக்குனேன். இந்தக் கைதான். பொத்தான் சில்லுன்னு இருந்துச்சு."

"இல்ல சிஸ்டர். அது நடக்கவே இல்ல. நீங்களா நெனச்சுக்கிட்டது."

"எனக்கு ஞாபகம் இருக்கு மேடம்."

காகிதத்தில் நாற்பது விநாடி வெறுமையைக் காட்டினேன். ஒலிபெருக்கிக்கு நேரே பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். மெஷின் என்ன சொல்கிறது பாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை.

"சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன்," என்றார். "நான்தான் அமுக்குனேன்னு சொன்னேன். ஆண்டவர் மன்னிச்சிட்டாருன்னு சாமி சொன்னாரு. அதுக்கப்புறந்தான் கொஞ்சம் சோறு எறங்குது. இப்ப வந்து நீ செய்யவே இல்லைங்கிறீங்க. அப்ப அந்த மன்னிப்ப நான் என்ன பண்ணட்டும்? அந்தக் குழந்தையப் பெத்த தனம் மொகத்துல நான் என்னன்னு முழிக்கட்டும்? வேண்டாம் மேடம். இருந்துட்டுப் போகட்டும். அத என்கிட்டேர்ந்து எடுத்துறாதீங்க."

கெஞ்சிப் பார்த்தேன். கோர்ட்டுக்குப் போகலாம், நான் வந்து சாட்சி சொல்கிறேன், வேலை திரும்பக் கிடைக்கும் என்றெல்லாம் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். காகிதத்தை மடித்து என் பையில் அவரே வைத்தார். சேலை மடிக்கிற மாதிரி ஓரம் பார்த்து மடித்தார்.

காபி ஆறிப்போயிருந்தது. அப்படியே குடித்தேன். வாசல் வரை வந்து, பஸ் எந்தப் பக்கம் என்று காட்டினார்.

அந்தக் காரணத்தை நிரலில் எழுதியது யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.